பத்து மணி வண்டி யார் கணக்கு?

“அண்ணா, மொத்தமே ஆயிரம் எண்ட்ரிதான். முழுசா ஒரு லூப் ஓட்டி நடுவுல இஃப் போட்டா முடிஞ்சுது. இதுக்குப் போய் சப்மேப், டெயில்மேப்னு எதுக்கு?” எங்கள் ஆபீசில் புதிதாகச் சேர்ந்த தம்பி, எழுதிய புரோகிராமைச் சரிபார்க்கும் கோட் ரிவ்யூவில் கேட்ட கேள்வி இது. லூப்பும் இஃபும் என்றால் ஒவ்வொரு பதிவாகச் சுற்றி நிபந்தனை பார்ப்பது. சப்மேப், டெயில்மேப் என்றால் வரிசையாக அடுக்கியதில் ஓர் எல்லையிலிருந்து இன்னொன்று வரை, அல்லது ஓர் எல்லைக்கு மேல் உள்ள பகுதியை மட்டும் கேட்டு வாங்குவது. கேட்டதோடு விடவில்லை. இரண்டு விதமாகவும் எழுதி என் கண்முன்னே ஓட்டிக் காட்டினான். நான் டீ கிளாஸைக் கையில் எடுப்பதற்குள் இரண்டுமே முடிந்திருந்தன. “சரிப்பா, விடு” என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்த்திருக்கலாம். சொல்ல வாய் வரவில்லை. ஏன் வரவில்லை என்று அவனுக்கு விளக்கவும் தெரியவில்லை. அந்த உறுத்தலோடு கொஞ்ச நாள் சுற்றியதில் தேறியதை எழுதி வைக்கிறேன்.

தண்டையார்பேட்டையில் ஒரு மாடி ஆபீஸ் எங்களுடையது. துறைமுகத்தைச் சுற்றி நடக்கும் தொழில்களுக்கு மென்பொருள் செய்து கொடுக்கிறோம். இப்போது கையில் இருப்பது மணலிப் பக்கம் உள்ள ஒரு கன்டெய்னர் யார்டின் கேட் கணக்கு. எண்ணூர் விரைவுச் சாலையில் டிரெய்லர்கள் வரிசைகட்டி நிற்பதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்தத் தொழிலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. யார்டுக்குள் வரும் ஒவ்வொரு வண்டிக்கும் வந்த நேரம், வண்டி நம்பர், கன்டெய்னர் நம்பர், டிரைவர் பெயர், டோக்கன் நம்பர் பதிவாகும். ஜாவாவில் எழுதியது. நேரம்தான் கீ (தேடும் அடையாளம்), பதிவு வேல்யூ (அதற்குரிய தகவல்), எல்லாம் கீயின் வரிசைப்படி அடுக்கி வைக்கும் ட்ரீமேப் ஒன்றில். யார்டுக்காரர்கள் கேட்பதெல்லாம் அதில் ஒரு பகுதியைத்தான். நைட் ஷிஃப்டில் வந்தது எத்தனை, ரெண்டு மணிக்கு மேல் வந்தது எது என்றுதான் கேட்பார்கள். முழுப் பட்டியலை யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

வேகம் என்ற வாதம்

நான் படித்த காலத்தில் இதற்குச் சொல்லித் தந்த பதில் வேகம்தான். ட்ரீமேப் 1998 டிசம்பரில் ஜாவா 1.2 உடன் வந்தது. உள்ளே இருப்பது சிவப்பு-கருப்பு மரம். 1972இல் ருடால்ஃப் பேயர் போட்ட அடித்தளத்தில் 1978இல் கீபாஸும் செட்ஜ்விக்கும் அந்தப் பெயரோடு எழுப்பியது. வரிசை குலையாமல், ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடாமல் தன்னைத் தானே சரிசெய்துகொள்ளும் மரம். 1,000 பதிவுகள் இருந்தாலும் ‘பத்து மணி’ எங்கே தொடங்குகிறது என்று கண்டுபிடிக்க ஒரு பத்து ஒப்பீடு போதும், மிக மோசமாகப் போனாலும் 20ஐத் தாண்டாது. அங்கிருந்து அடுத்தது, அதற்கடுத்தது என்று நடந்து, முடிவெல்லை வந்ததும் நிற்கலாம்.

சொல்லக் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தம்பி சொன்னதுதான் நிஜம். 1,000 பதிவை முழுக்கச் சுற்றினாலும் இன்றைய மெஷினுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. பல லட்சம் பதிவு, நொடிக்கு நூறு கேள்வி என்றால் கதை வேறு. எங்கள் யார்டு அந்த அளவுக்கு என்றைக்கும் வரப்போவதில்லை. ஆக வேகத்தை வைத்து நான் அவனிடம் பேச முடியாது.  

அவன் எழுதிய புரோகிராமை இன்னொரு தரம் படித்தபோது வேறொன்று கண்ணில் பட்டது. ஃபங்ஷன் வாங்கிக்கொள்வது ட்ரீமேப்பும் இல்லை, வரிசை உண்டு என்று உறுதி சொல்லும் நேவிகபிள் மேப்பும் இல்லை, வரிசையைப் பற்றி எதுவும் சொல்லாத வெறும் மேப். ‘எப்போதும் இன்டர்ஃபேஸுக்கு எழுது’ (உள்ளே எப்படிச் செய்கிறது என்பதை விட்டு, என்ன செய்யும் என்ற வாக்குறுதியை மட்டும் நம்பி எழுது) என்று கல்லூரியில் சொல்லிக் கொடுத்ததை அப்படியே பிடித்துக்கொண்டிருக்கிறான். நல்ல பாடம்தான், ஆனால் எந்த இன்டர்ஃபேஸ் என்று யாரும் சொல்லித் தரவில்லை போல. மேப் என்று அறிவித்த நிமிடமே உள்ளே வரிசை இருக்கிறது என்ற உண்மை மறைந்துபோகிறது. சப்மேப் கூப்பிட வழியில்லை. முடிவெல்லை தாண்டியதும் பிரேக் போட்டு வெளியே வரவும் தைரியம் வராது, ஏனென்றால் அடுத்து வருவது முன்னதைவிடச் சின்னதாக இருக்கலாம். அவன் லூப்பில் பிரேக் இல்லாததற்குக் காரணம் சோம்பல் இல்லை, அந்த டைப் அவனுக்கு எந்த வாக்குறுதியும் தரவில்லை.

கேட் கேபினில்

இதெல்லாம் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்த சமயத்தில், டேப்லெட் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரு ராத்திரி யார்டுக்குப் போக வேண்டியிருந்தது. கேட் கேபினில் இருக்கும் கிளார்க் அண்ணன் டேப்லெட்டில் தட்டுவார், தட்டி முடித்ததும் பக்கத்தில் இருக்கும் நீட்டு ரிஜிஸ்டரிலும் எழுதுவார். எங்கள் மென்பொருளில் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை. துறைமுகத்தில் வண்டிகளை வெளியே விட்டிருக்க வேண்டும், பத்து மணியை நெருங்கும்போது டிரெய்லர்கள் ஒன்றன் பின் ஒன்றாக வந்து முட்டின. அடுத்த ஷிஃப்ட் கிளார்க் டிபன் கேரியரோடு உள்ளே வந்து நின்றார். அண்ணன் கடைசி வரியை எழுதி முடித்து, ஸ்டீல் ஸ்கேலை வைத்து, சிவப்புப் பேனாவால் ஒரு கோடு இழுத்தார். கோட்டின் ஓரத்தில் சின்னதாக ஒரு கையெழுத்து. அதே நேரம் ஜன்னல் வழியாக அடுத்த டிரைவர் சீட்டை நீட்டினார். சுவர்க் கடிகாரத்தில் சரியாகப் பத்து.

“அண்ணே, இந்த வண்டி உங்க கணக்கா, அவர் கணக்கா?”

“கோடு போட்டாச்சே சார். கோட்டுக்குக் கீழ எது வந்தாலும் அவன் கணக்கு. இதுல இன்னா டவுட்டு?”

“ரெண்டு லிஸ்ட்லயும் வந்துட்டா?”

“ரெண்டு தபா பில்லு போவும். டிரான்ஸ்போர்ட் ஓனரு சும்மா வுடுவாரா?”

அவர் ரிஜிஸ்டரில் எல்லை என்பது இரண்டு பேருக்கும் பொதுவான ஒரே கோடு. மேலே இருப்பவனுக்கு அது முடிவு, கீழே இருப்பவனுக்கு அதுவே ஆரம்பம். தம்பியின் புரோகிராமிலோ எல்லை ஒவ்வொரு ரிப்போர்ட்டிலும் தனித்தனியாக எழுதப்பட்டிருந்தது. ஓரிடத்தில் ‘பத்தைவிடச் சிறியது அல்லது சமம்’, இன்னோரிடத்தில் ‘பத்தைவிடப் பெரியது அல்லது சமம்’. இரண்டையும் தனித்தனியாகப் படித்தால் தப்பே தெரியாது. டேப்லெட் நேரத்தை நிமிட அளவில்தான் பதிகிறது என்பதால் சரியாக 22:00 என்ற கீ அபூர்வமும் இல்லை. மறுநாள் அந்த நாளின் பதிவுகளை ‘பத்து மணி வரை’, ‘பத்து மணி முதல்’ என்ற அவன் இரண்டு ரிப்போர்ட்டிலும் போட்டுப் பார்த்தோம். இரண்டின் கூட்டல், நாளின் மொத்தத்தைவிட அதிகமாக வந்தது. அந்தப் பத்து மணி டிரெய்லர் இரண்டிலும் உட்கார்ந்திருந்தது.

சப்மேப்பின் வழக்கம் அண்ணனின் கோடுதான். ஆரம்ப எல்லை சேரும், முடிவெல்லை சேராது. காலை ஆறு மணி, இரண்டு மணி, பத்து மணி, மறுநாள் காலை ஆறு மணி என்று எல்லைகளை ஒரு பட்டியலாக ஒரே இடத்தில் வைத்துக்கொண்டு, அடுத்தடுத்த இரண்டிரண்டாக எடுத்து சப்மேப் கேட்டால் எந்த வண்டியும் இரண்டு முறை வராது, எதுவும் விடுபடாது. கணினி அறிஞர் டைக்ஸ்ட்ரா 1982இல் எழுதிய ஒரு சிறு குறிப்பில் இதைத்தான் வாதாடுகிறார்: இப்படி எழுதினால் எல்லைகளின் வித்தியாசமே எண்ணிக்கை, ஒன்றின் மேல் எல்லையே அடுத்ததன் கீழ் எல்லை. அதே குறிப்பில்தான் எண்ணுவதைப் பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டும் என்றும் சொல்கிறார். காசிமேட்டுப் பக்கம் நம் துறைமுகத்துக்கு ஒரு ஜீரோ கேட் இருப்பதை யாராவது அவரிடம் சொல்லியிருந்தால் மனுஷன் சந்தோஷப்பட்டிருப்பார்.

2006இல் ஜாவா 6 உடன் வந்த நேவிகபிள் மேப், எல்லை சேருமா சேராதா என்று நாமே ட்ரூ, ஃபால்ஸ் கொடுக்க வழி செய்தது. அதற்கு முன்னால் ஸ்ட்ரிங் கீயில் மேல் எல்லையையும் சேர்க்க வேண்டுமானால், எல்லைச் சொல்லின் வாலில் பூஜ்ய எழுத்து ஒன்றை ஒட்டிக் கொடுக்கும் தந்திரத்தை அதிகாரபூர்வ ஆவணமே சொல்லித் தந்தது. வசதி நல்லதுதான். ஆனால் ரிவ்யூவில் இரண்டு பக்கமும் ட்ரூ என்று பார்த்தால் நான் நிறுத்திக் காரணம் கேட்பேன். அதை எழுதியவர் அடுத்த பகுதி எங்கே ஆரம்பிக்கிறது என்று பெரும்பாலும் யோசித்திருக்க மாட்டார்.

நடுராத்திரி

என் மனசு உண்மையில் மாறிய இடம் இதற்குப் பிறகுதான். முதலில் கீயாக இருந்தது தேதி இல்லாத வெறும் நேரம், லோக்கல் டைம். தம்பி என் பேச்சைக் கேட்டு எல்லா ரிப்போர்ட்டையும் சப்மேப்புக்கு மாற்றினான். பகல் ஷிஃப்ட் இரண்டும் ஒழுங்காக ஓடின. நைட் ஷிஃப்டை ஓட்டியதும் புரோகிராம் செத்து விழுந்தது. இல்லீகல் ஆர்க்யுமென்ட் எக்ஸப்ஷன் (கொடுத்த மதிப்பு செல்லாது என்ற பிழை): ஆரம்ப கீ, முடிவு கீயைவிடப் பெரியது. 22:00 முதல் 06:00 என்று கேட்டிருக்கிறோம். தேதி இல்லாத வரிசையில் ஆறு மணி பத்து மணிக்கு முன்னால் வருகிறது.

“பாத்தீங்களா, என் லூப் பாட்டுக்கு ஓடிட்டு இருந்துச்சு” என்றான். அவன் பழைய லூப்பைத் திறந்து நைட் ஷிஃப்ட் ரிப்போர்ட்டைப் பார்த்தோம். ஓடிக்கொண்டுதான் இருந்தது. பூஜ்யம் வண்டி என்று காட்டிக்கொண்டு. பத்துக்கு மேல், அதே சமயம் ஆறுக்குக் கீழ் என்ற நிபந்தனையை எந்த நேரமும் பூர்த்தி செய்யாது. இஃபுக்கு அது ஒரு குறையாகவே தெரியாது. இல்லை என்று சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். ராத்திரி முழுக்க டிரெய்லர்கள் உள்ளே போயிருக்க, ரிப்போர்ட் வெறுமையாக வந்திருக்கும். யார்டு ஆட்கள் ‘நெட் போயிருக்கும்’ என்று சொல்லிவிட்டு ரிஜிஸ்டரைப் பார்த்துக் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பார்கள்.

நான் அத்தனை நாளாகத் தேடியது இந்த வித்தியாசம்தான். லூப்பும் இஃபும் ஒவ்வொரு பதிவாகக் கேள்வி கேட்கின்றன, அவற்றுக்கு ‘பகுதி’ என்று ஒன்று இருப்பதே தெரியாது. சப்மேப்பிடம் ஒரு பகுதியைக் கேட்கிறோம், அப்படியொரு பகுதி இருக்கவே முடியாது என்றால் முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுகிறது. தம்பி கொஞ்ச நேரம் ஸ்கிரீனையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “அப்போ கீ தப்புண்ணா” என்றான். ஆமாம், கீதான் தப்பு. தேதியும் நேரமும் சேர்ந்த கீக்கு மாற்றினோம்.

மாற்றும்போது இன்னொன்று வெளிவந்தது. இரண்டு கேட்டிலும் ஒரே நிமிடத்தில் வண்டி வந்தால்? ஒரே கீ, இரண்டாவதாகப் போடுவது முதலாவதை அழித்துவிடும். இரண்டும் சமமா என்று சொல்லும் ஈக்வல்ஸை ட்ரீமேப் சட்டை செய்வதில்லை, ஒப்பீடு பூஜ்யம் என்றால் அதற்கு இரண்டும் ஒன்றுதான். 2.0, 2.00 என்ற இரண்டு பிக்டெசிமலை (தசம எண்) அது ஒரே கீ என்று சேர்த்துவிடும், வரிசை இல்லாமல் ஈக்வல்ஸை நம்பும் ஹாஷ்மேப் தனித்தனியாக வைத்துக்கொள்ளும். அதனால் நேரத்தோடு டோக்கன் நம்பரையும் கீயில் சேர்த்தோம். முடிவெல்லை சேராது என்ற வழக்கம் இங்கேயும் கை கொடுத்தது: காலை ஆறு மணி, டோக்கன் பூஜ்யம் என்று கொடுத்தால் போதும். சேரும் என்று வைத்திருந்தால் 5:59க்குச் சாத்தியமான ஆகப் பெரிய டோக்கன் நம்பர் எது என்று யோசித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும்.

வெட்டி எடுத்தது இல்லை

சப்மேப் பழகியவர்களும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. அது திருப்பிக் கொடுப்பது நகல் இல்லை. அதே மரம்தான், இரண்டு எல்லைகளோடு. சப்மேப்பை வாங்கி வைத்துக்கொண்ட பிறகு யார்டில் ஒரு வண்டி உள்ளே வந்தால் அதிலும் தெரியும். நைட் ஷிஃப்ட் ஸ்கிரீனுக்கு இது வரப்பிரசாதம், ஒரு தரம் கேட்டால் போதும். ஷிஃப்ட் எல்லைக்கு வெளியே உள்ள நேரத்தை அதன் வழியாகப் போட முயன்றால் எக்ஸப்ஷன் வரும். அதுவும் எனக்குப் பிடித்ததுதான். ஒருவர் கையில் அவர் ஷிஃப்டை மட்டும் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம். பழைய பதிவுகளைக் கழிப்பது ஒரே வரி: ஒரு தேதிக்கு முந்தைய பகுதியை (ஹெட்மேப்) எடுத்து கிளியர் சொன்னால் மூல மேப்பிலிருந்தே போய்விடும்.

ஆனால் பிரின்ட் ரிப்போர்ட் அந்தப் பகுதியின் மேல் நடந்துகொண்டிருக்கும்போது கேட்டில் ஒரு பதிவு நுழைந்தால் ஒவ்வொன்றாக எடுத்துத் தரும் இட்டரேட்டர் பாதியில் கன்கரன்ட் மாடிஃபிகேஷன் எக்ஸப்ஷனை (நடுவில் மாறிவிட்டது என்ற பிழை) எறியும். டெஸ்ட் சர்வரிலேயே இது எங்களுக்குக் காட்டிக்கொடுத்துவிட்டது. அதுகூட நிச்சயம் இல்லை, முடிந்தவரை கண்டுபிடிப்பேன் என்பதுதான் அதன் உறுதிமொழி. ஒரே நேரத்தில் பல வேலைகள் (த்ரெட்) புழங்கும் இடத்தில் ட்ரீமேப்பை வைத்ததே சரியில்லை என்று கன்கரன்ட் ஸ்கிப்லிஸ்ட் மேப்புக்கு மாறினோம். வில்லியம் பியூ 1990இல் எழுதிய ஸ்கிப் லிஸ்ட் என்ற, தாண்டித் தாண்டித் தேடும் வரிசைப் பட்டியலின் மேல் கட்டியது அது. நடக்கும்போது புதிதாக வந்தது கண்ணில் பட்டாலும் படும், படாமலும் போகும், எக்ஸப்ஷன் வராது. ஸ்கிரீனுக்கு அது போதும். பில்லுக்குப் போகும் ரிப்போர்ட்டுக்குப் போதாது. அங்கே மட்டும் ஷிஃப்ட் முடிந்து பதிவெல்லாம் ஏறியதும் ஒரு நகல் எடுத்துவிடுகிறோம். இன்னொன்று, பகுதியிடம் சைஸ் கேட்டால் அது ஒவ்வொன்றாக எண்ணித்தான் சொல்லும். ஸ்கிரீனில் நொடிக்கொரு தரம் எண்ணிக்கை காட்டுகிறவர்கள் கவனிக்கலாம்.

சரக்கு இறக்காத வண்டிகளை மட்டும் காட்டு என்ற ரிப்போர்ட்டில் தம்பி இன்னும் முழு லூப்தான் ஓட்டுகிறான். அதை நான் தொடவில்லை. இறக்கியாச்சா இல்லையா என்பது கீயில் இல்லை, வரிசை அங்கே எதற்கும் உதவாது.

அலெக்ஸ் எங்கே?

கடைசியாக யார்டிலிருந்து வந்த கோரிக்கை, டிரைவர் பெயர்ப் பட்டியல். தமிழில், அகர வரிசையில், குறிப்பிட்ட பெயரிலிருந்து குறிப்பிட்ட பெயர் வரை. தம்பி இப்போது சப்மேப் பைத்தியம். பெயரைக் கீயாக வைத்து இன்னொரு ட்ரீமேப் கட்டினான். டெஸ்டுக்கு நாலு பெயர்: அப்துல், அலெக்ஸ், அறிவழகன், அனந்தன். நம் அகர வரிசையில் ப, ல, ற, ன என்று அப்படியேதான் வரும். அப்துலிலிருந்து அறிவழகனுக்கு முன்பு வரை என்று கேட்டால் அப்துலும் அலெக்ஸும் வர வேண்டும். அப்துல் மட்டும் வந்தார்.

ஸ்ட்ரிங்கின் இயல்பான ஒப்பீடு ஒவ்வொரு எழுத்துக்கும் உள்ள யூனிகோட் எண்ணைத்தான் பார்க்கும். அந்த எண் வரிசையில் ன, ந-வுக்கு அடுத்து ப-வுக்கு முன்னாலேயே வந்துவிடுகிறது. ற, ல-வுக்கு முன்னால் நிற்கிறது. ஜ, ச-வுக்குப் பக்கத்தில் செருகியிருக்கிறது. ஆக மேப்புக்குத் தெரிந்த வரிசை அனந்தன், அப்துல், அறிவழகன், அலெக்ஸ். புள்ளியும் அப்படித்தான். அகராதியில் ன் முதலில், ன பிறகு. எண்ணில் புள்ளிக் குறி எல்லா உயிர்மெய்க் குறிகளுக்கும் பின்னால். அதனால் அன்பு, அனந்தனுக்குப் பின்னால் போய்விடுவார். முழுப் பட்டியலாகப் பிரின்ட் போட்டிருந்தால் யாராவது கண்டுபிடித்து ‘வரிசை மாறியிருக்கு’ என்று சொல்லியிருப்பார்கள். பகுதியாகக் கேட்டால் ஒருவர் காணாமலே போகிறார், காணவில்லை என்பது தெரியவும் தெரியாது. நடுராத்திரி விஷயத்தில் கத்திச் சொன்ன சப்மேப் இங்கே வாயைத் திறக்கவில்லை. அதன் வரிசைப்படி அது சரியான பதிலைத்தான் கொடுத்திருக்கிறது.

ஐசியு என்ற மொழி நூலகத்தின் தமிழ் கொலேட்டரை (அகர வரிசைப்படி ஒப்பிடும் கருவி) ஒப்பீட்டு முறையாகக் கொடுத்துக் கட்டியதும் அலெக்ஸ் திரும்பி வந்தார். ஆனால் யார்டில் ஒரே பெயரில் பல டிரைவர்கள் இருக்கிறார்கள், ஒப்பீடு பூஜ்யமானால் பழைய கதைதான். பெயரோடு லைசென்ஸ் நம்பரையும் கீயில் சேர்க்கும் வேலையைத் தம்பி இந்த வாரம் எழுதிக்கொண்டிருக்கிறான்.